உட்கார்ந்து செய்கிற வேலை

செப். 22, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடற்காற்று லீவு போட்டுவிட்டது.

ஆர்மரியில் முதல் நாள். ஸ்டேஷன் துப்பாக்கிகளைத் துடைத்து, பழுது பார்த்து, பூட்டி வைக்கும் அறை. இருந்தவர் ரிட்டயர் ஆகிவிட்டதால் ஓர் இடம் காலி. பயிற்சி இரண்டு பேருக்கு: நான், கான்ஸ்டபிள் தனசேகர். அக்டோபர் 6 பரீட்சை. ஒருவருக்கு இடம், மற்றவர் திரும்பவும் பந்தோபஸ்து.

எனக்கு இது கிடைத்தே ஆக வேண்டும். தேர் என்றாலும் தேர்தல் என்றாலும் நிற்பது நான்தான். நின்று நின்று இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகக் கிடக்கிறது. டாக்டர் சொன்னது, "நிக்காதீங்கம்மா". போலீஸில் நிற்காத வேலையை எந்தக் கடையில் விற்கிறார்கள்? இங்கே இருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் கை வைத்த நாற்காலி ஒன்று. பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டேன்.

வாங்க: காலுக்கு இறுக்க உறை, மிளகாய்த்தூள், கேஸ் பதிவு.

செப். 23, செவ்வாய்

சொல்லித் தருபவர் ஏ.எஸ்.ஐ. முருகவேல். என்னைவிட ரொம்பச் சின்னவர், ரேங்கில் மேலே. நான் அவரை சார் என்கிறேன், அவர் என்னை அக்கா என்கிறார். இருவருக்கும் கூச்சம்.

பயிற்சிக்கு ஒரு பழைய நைன் எம்எம் பிஸ்டல். மாடல் என் அப்பா பிறப்பதற்கும் முந்தியது. கறுப்புப் பூச்சு தேய்ந்து, ஓரமெல்லாம் வெள்ளை இரும்பு. பச்சைத் துணி விரித்து, மேகசினை உருவி, உள்ளே குண்டு இல்லை என்று கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை பார்த்த பிறகே மற்றது.

"கழட்டறது சுலபம் அக்கா. யாரு வேணா கழட்டலாம். மாட்டும்போதுதான் ஆளு தெரியும்."

மேல்மூடி மாதிரி இருக்கிற ஸ்லைடு, பேரல், பெரிய ஸ்பிரிங் வரை எடுத்தேன். அது துடைப்பதற்கு எல்லோரும் செய்வதாம். அதற்குப் பிறகுதான் பாடம் ஆரம்பம் என்றார். நான் பாடம் முடிந்தது என்று நினைத்து டீ சொல்லிவிட்டேன்.

செப். 25, வியாழன்

மாட்டி முடித்த பிறகு ஒரு குட்டி இரும்பு முளை துணியில் மீந்து கிடந்தது. தனசேகர் சிரித்தான். "இன்னாக்கா, கம்பெனிக்காரன் ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சுட்டானா?" அவனுடையது டிரிக்கரை அழுத்தினால் அசையவே இல்லை. அப்போது நான் சிரித்தேன்.

வீட்டில் வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், மீன் அரிந்துகொண்டே. இவர், என் வீட்டுக்காரர், தேங்காய்த்திட்டு ஹார்பரில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவர், சாப்பாட்டில் கண்டிப்பு.

"குழம்புல உப்பு போட்டியா, ஸ்பிரிங் போட்டியா?"

உப்புதான் போடவில்லை.

மாடி வீட்டு சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்காரர், இதைக் கேட்டுவிட்டு மேலிருந்தே, "நாங்க கண்ணைக் கட்டிக்கினு செய்வோம் மதாம்" என்றார். மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிற மனுஷன்.

செப். 27, சனி

கெட்ட நாள்.

இன்று ஃபயரிங் பின். குண்டின் பின்புறத்தில் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி இதுதான். ஸ்லைடின் பின்பக்கத் துளைக்குள் ஒரு ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். ஒரு சின்னத் தகடு பிடித்து வைத்திருக்கிறது. ஊசியை உள்ளே அமுக்கிக்கொண்டு தகட்டை இறக்கினால் ஊசி துள்ளி வெளியே வரும். "உள்ளங்கையை வச்சுக்கோங்கக்கா" என்று முருகவேல் சொல்லி முடிப்பதற்குள் இறக்கிவிட்டேன். ஊசி மேஜையில் விழுந்தது. ஸ்பிரிங்கைக் காணோம்.

மேஜைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், டியூப் லைட் மேல், தனசேகரின் சட்டைப்பை. இல்லை. ஆர்மரியில் ஒரு திருகு குறைந்தாலும் அறையைப் பூட்ட முடியாது. கடைசியில் முருகவேல் என்னை அனுப்பிவிட்டார், அவரும் தனசேகரும் தேடினார்கள். அழுகை வந்தது, பஸ்ஸில் அழவில்லை.

வீட்டில் கொண்டை வலையை அவிழ்த்தேன். டங் என்று தரையில் விழுந்தது. அரசாங்கத்தின் ஸ்பிரிங், என் சமையலறையில்!

இவர் ஐஸ் வண்டியிலேயே திருப்பிக் கொண்டுபோய் விட்டார். வழி நெடுக ஒரே சிரிப்பு. ஆர்மரியில் முருகவேலும் தனசேகரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தனசேகர் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அதுதான் உறுத்தியது.

செப். 30, செவ்வாய்

மீனைப் பிடிப்பது மாதிரி மேலே கையைக் கவிழ்த்து இறக்குகிறேன். ஊசி வந்து உள்ளங்கையில் குத்துகிறது. இன்று எதுவும் பறக்கவில்லை, எதுவும் மீதமில்லை. மாட்டி முடித்து டிரிக்கரை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம். நல்ல சத்தம். எனக்கு இந்தச் சனியன் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. பொரி, கடலை, பூசணிக்காய். எல்லா ஆயுதமும் துடைத்து, நீளமான மேஜையில் வெள்ளைத் துணி மேல். வழக்கப்படி இன்ஸ்பெக்டர்தான் சந்தனம் வைப்பார். பன்னீர் ஊற்றிக் குழைத்த சந்தனம், கூழ் மாதிரி. தன் சொந்த பிஸ்டலுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார்.

"முன்னாடி வச்சா குழாய்க்குள்ள போயிடும்பா. பின்னாடி வைக்கிறேன்."

பின்பக்கம், ஹேமர் என்கிற குட்டிச் சுத்தி வந்து அடிக்கிற இடத்தில், பெரிய பொட்டு. அதன் மேல் குங்குமம்.

"எவ்ளோ கவனம் பாருங்கக்கா" என்றான் தனசேகர். எனக்கும் அப்படித்தான் பட்டது. மாலை அவரே மேலாகத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு மந்திரி எஸ்கார்ட்டுக்குப் போனார். பொரி வீட்டுக்கு இரண்டு பை.

அக். 4, சனி

மாலையில் ஒரு பாட்டம் மழை. உழவர்கரைப் பக்கம் தண்ணீர் நின்று பஸ் தாமதம். கால் வலி. இரண்டு பேருமே அரை மணிக்குள் முடிக்கிறோம் இப்போது. அவன் கை வேகம். நான் தவறு செய்வதில்லை. எதற்கு மார்க் அதிகம் என்று முருகவேலைக் கேட்டால், "ரெண்டுக்குந்தான்கா" என்று நழுவுகிறார்.

அக். 6, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

தேர்வு வைத்தது இன்ஸ்பெக்டர். முழுக்கக் கழற்றி மாட்ட வேண்டும். அரை மணி, போன் அலாரம். தனசேகர் முதலில் உட்கார்ந்து பழைய பிஸ்டலை எடுத்துக்கொண்டான். எனக்கு அதே மாடலில் வேறு எடுக்க முருகவேல் பீரோவுக்குப் போனார். "எதுக்குய்யா, இதைக் குடு" என்று இன்ஸ்பெக்டர் இடுப்பிலிருந்து தன்னுடையதை உருவி, குண்டை எடுத்துவிட்டு வைத்தார்.

ஸ்லைடு, பேரல், ஸ்பிரிங், எல்லாம் வெண்ணெய் மாதிரி வந்தது. ஃபயரிங் பின்னுக்கு வந்தேன். அமுக்கினால் ஊசி உள்ளே போகவில்லை. திரும்ப அமுக்கினேன். இல்லை. பக்கத்தில் தனசேகர் மாட்டவே ஆரம்பித்துவிட்டான். எண்ணெய் ஒரு சொட்டு, மரச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு, காத்திருப்பு. இன்னொரு தட்டு. கடைசியில் அசைந்தது. தகட்டை இறக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

ஒன்றும் துள்ளவில்லை.

கவிழ்த்துத் தட்டியதில் முதலில் மஞ்சளாகத் தூள் கொட்டியது. பிறகு ஊசி, நத்தை மாதிரி. ஆர்மரி முழுக்க வாசனை. அதற்குள் அலாரம் அடித்துவிட்டது. தனசேகர் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா அது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவருக்குப் பின்னால் முருகவேல் எனக்கு மட்டும் தெரியும்படி வாயசைத்தார்: அழுக்கு. அப்படிச் சொல்லியிருக்கலாம். மேலதிகாரி மனம் கோணாமல் இன்னொரு வாய்ப்பு கேட்டிருக்கலாம். ஆனால் அந்த ஊசி ஐந்து நாளாக அடிக்காத ஊசி. எனக்குக் கோபம்தான் வந்தது.

"சந்தனம், சார். பூஜை அன்னிக்கு வச்சது. உள்ள எறங்கி காஞ்சிருக்கு. நீங்க சுட்டிருந்தா சத்தம்கூட வந்திருக்காது."

அவர் தூளை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். மூக்கில் ஒட்டிக்கொண்டது, யாரும் சொல்லவில்லை.

"இதை வச்சுக்கினு மந்திரி கூட போய்ட்டு வந்துட்டேன்" என்றார், பொதுவாக, சுவரைப் பார்த்து.

நான் சுத்தம் செய்து முழுக்க மாட்டி, டிக் சத்தம் கேட்டு, அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் ஆர்டர். தனசேகர். நேரம் தவறியது தவறியதுதான்.

அவன் ஸ்வீட் கொடுக்க வந்தான், முகத்தைப் பார்க்காமல். இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

இவரிடம் சொன்னதும் ஐஸ் உடைத்துத் துணியில் கட்டிக் காலில் வைத்தார்.

அக். 7, செவ்வாய்

பீச் ரோடு. ஏதோ ஊர்வலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பதினொன்றரை வரை நின்றேன், பிறகு பாரிகேடில் சாய்ந்தேன். அப்போது முருகவேல் போன்.

"அக்கா, உடனே வாங்க. பூஜையில வச்ச அத்தனை ஆயுதத்தையும் திரும்பக் கழட்டிப் பாக்கணுமாம். இன்ஸ்பெக்டர் சார் ஆர்டர். ஒரு மாசம் உங்களுக்கு இங்கதான் டியூட்டி. அவரு பிஸ்டலை உங்களத் தவிர வேற யாரும் தொடக் கூடாதாம்."

"ஜன்னல் ஓரத்து நாற்காலி இருக்கா, சார்?"

"அதுல தனசேகர் உக்காந்திருக்கான்கா."

"எழுந்திரிக்கச் சொல்லுங்க."