பின்வரிசையில் பதினேழு பேர்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். லீவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றாய். வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

உன் அப்பாவுக்குக் காசநோய். உன் தங்கைக்கும் வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கும் சித்தப்பா வீட்டாருக்கும் பரிசோதனை முடிவு நாளைக்குத்தான் வரும்.

போன வாரம் நர்ஸம்மா வீடு வீடாக வந்தாள். இருமலைப் பற்றிக் கேட்பாள் என்று பார்த்தால், வீட்டுக்கு எத்தனை ஜன்னல், ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள், மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. "நோய் பார்க்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா?" என்று கேட்டேவிட்டேன். அவள் கையிலிருந்த தாளைக் காட்டினாள். மில் ஆபீசர்கள் இருக்கும் முன்தெருவில் இரண்டு பேருக்கு நோய். நம் பின்வரிசையில் பதினேழு பேருக்கு. இரண்டு பக்கமும் ஒரே காற்றுதானே என்றேன். "காத்து ஒண்ணுதாம்மா, உங்க வீட்டுக்குள்ள வர வழி இல்லையே" என்றாள். சித்தப்பா வீட்டாரையும் சேர்த்து ஏழு பேர் படுக்கும் அறையில் ஒரு கதவுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். மில் வாசலில் இருமினால் மேஸ்திரி அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான், உனக்குத் தெரியும். நரைத்த ஆண்களெல்லாம் இருமல் வராமலிருக்கக் கன்னத்தில் மிட்டாயை அடக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். ஆறு மாதத்துக்கு முன் எல்லோரும் சளிப் பரிசோதனைச் சீட்டு கொண்டுவர வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் டப்பா கொடுத்தார்கள், காலையில் வீட்டிலேயே துப்பிக் கொண்டுபோக வேண்டும்.

உன் அப்பா தங்கையை எழுப்பி, "நீ துப்பு கண்ணு, அப்பாவுக்கு வேலை போயிடக் கூடாதுல்ல" என்றார். டப்பாவை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தது நான்தான். நாங்கள் மட்டுமா? அன்று காலை பின்வரிசை முழுக்கப் பிள்ளைகள்தான் துப்பினார்கள். நோய் இல்லை என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போனார், வந்து அவள் பக்கத்திலேயே படுத்தார். இப்போது அவள் தனக்கென்று துப்பிய டப்பாவில் நோய் இருக்கிறது. பதினோரு வயதுப் பிள்ளை, "அன்னிக்கு நான் சரியாத் துப்பலையாம்மா?" என்று கேட்கிறாள்.

மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. அப்பாவை மில் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நேற்று அவர் பின்சுவரில் நாலு செங்கலைப் பெயர்த்து ஓட்டை போட்டார். வீட்டுக்காரர் வந்து கத்தினார். கத்திவிட்டுப் போகட்டும். தங்கையை அதற்கு நேராகப் படுக்க வைத்திருக்கிறேன்.

இனி உன் விஷயம். மூன்று மாதத்துக்கு முன் நீ வந்து பத்து நாள் இருந்தாய். குழந்தை தாத்தா நெஞ்சில்தான் தூங்குவேன் என்று அடம்பிடித்தான், நாமும் ரசித்தோம். இப்போது அவனுக்கு எடை ஏறவில்லை, உனக்குச் சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்று எழுதியிருக்கிறாய். தையல் கம்பெனியில் வேலை அதிகம், அதனால்தான் என்கிறாய். நாங்களும் அப்பா இருமலைப் பஞ்சுத் தூசி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டில் எங்களுக்கு இருக்கிறது என்று சொல், வெட்கப்படாதே. உங்கள் கம்பெனியிலும் சீட்டு கேட்பார்கள். வேலை போனால் போகட்டும். உன்னையும் பேரனையும் கடவுள் காப்பாற்றட்டும். உன் காலில் விழுந்து கேட்கிறேன் மகளே, டப்பாவில் நீயே துப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா