அந்த ஊரில் அதற்குப் பெயர் கல்லு மழை

மே மாதம், செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை. மேற்கு மாம்பலத்தில் உட்கார்ந்துகொண்டே இன்று ஆலங்கட்டி மழை பார்த்துவிட்டேன். கிருஷ்ணகிரிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா வீடியோ காலில் காட்டினாள். எலுமிச்சம்பழம் பெரிதாக ஒவ்வொன்றும் வாசலில் விழுந்து குதிக்கிறது. "பாருடி, பாருடி" என்று அவள் கத்த, நானும் கத்த, கீழ்வீட்டு மாமி பயந்துபோய் மேலே ஓடி வந்துவிட்டார்.

நேற்றுக் காலை எச்சரிக்கையைப் பார்த்ததுமே அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "மாமா, நாளைக்கு உங்க பக்கம் ஐஸ் மழை வருமாம்." அவர் சிரித்தார். "வரட்டும்மா, இந்த வெயிலுக்கு ஜில்லுன்னு இருக்கும்."

மத்தியானம் அக்கா விஷயத்தைக் கேட்டதும், "ஐயோ, அவ கல்லு மழையைச் சொல்றாங்க" என்றாளாம். அதற்கப்புறம் மாமா சிரிக்கவில்லை. ஆள் கூப்பிட்டு, இருட்டும்வரை மாங்காய் பறித்திருக்கிறார்கள். முற்றிய காயெல்லாம் இப்போது பத்திரமாகக் கூடத்தில்.

"உன்னாலதாம்மா தப்பிச்சோம்" என்று மாமாவே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கட்டியை எனக்காக ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.

போனை வைக்கும் முன் அக்கா பக்கத்துத் தோப்பைக் காட்டினாள். மரத்தடியெல்லாம் உடைந்த காய்.

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"மாமா காலையிலயே சொன்னாராம். நீ சொன்ன மாதிரியே சொல்லி, ரெண்டு பேரும் சிரிச்சாங்களாம்."