முயல் தின்ற வண்ணங்கள்

அன்புள்ள வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அதிலும் உன் அம்மா என்னைவிட ஒரு பிடி கூடுதல் சுகம், ஏனென்றால் என்னைத் திட்டுவதற்கு அவளுக்கு இப்போது டாக்டரே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். போனில் சொல்லாமல் மறைத்த கதை இது, பதறாமல் படி.

மூன்று மாதம் முன்பு, கடையில் பெயின்ட் டப்பாவோடு மாடி ஏறும்போது பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். இதயக் குழாயில் அடைப்பு தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை போதாதாம், தட்டில் தினமும் நாலைந்து கலரில் காயும் பழமும் இருக்க வேண்டுமாம். கலரைப் பற்றி யாரிடம் சொல்கிறார் பார், இருபத்தைந்து வருஷமாகக் கலர் கலக்குகிறவனிடம்! அன்று மாலையே கடையின் வண்ண அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். கத்தரிக்காயை அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் நூற்றுப் பதினேழாம் நம்பர் ஊதா, அச்சு அசல். காய்க்காரம்மா, "அண்ணே, இது சமைக்கவா, சுவத்துல அடிக்கவா?" என்று கேட்க, சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, ஆப்பிள் எந்தச் சிவப்பு என்று தேடப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து காய் நறுக்குவது என் இலாகா. பழைய பூச்சைச் சுரண்டாமல் எதையும் தொடக் கூடாது என்பதுதானே நம் தொழில்? வெள்ளரி, கத்தரி, ஆப்பிள் எல்லாவற்றையும் சுத்தமாகச் சீவி, தோலைக் கீழ்வீட்டுத் தையல்காரரின் முயலுக்குப் போட்டுவிட்டு, அட்டையில் ஊதா, பச்சை, சிவப்பு என்று டிக் அடித்துக்கொண்டே வந்தேன். போன வாரம் உன் அம்மா தட்டை எட்டிப் பார்த்தாள். "கலரு எங்கங்க? அத்தனையும் முயலுக்குப் போட்டுட்டு, வெள்ளையடிச்ச சுவத்தையா தின்னுட்டிருக்கீங்க?" என்றாள். பார்த்தால் நிஜம்தான். டாக்டரிடம் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பல காய்களில் நல்லது தோலோடுதான் இருக்கிறதாம், நன்றாகக் கழுவினால் போதுமாம். அந்த முயலைப் போய்ப் பார்த்தேன், என்ன துள்ளல், என்ன மினுமினுப்பு! எனக்குச் சேர வேண்டிய மூன்று மாத வைத்தியம் அதன் உடம்பில் இருக்கிறது.

சிரித்தது போதும். சிரிப்பு அடங்கியதும் டாக்டர், "உங்க அப்பாவுக்கு எப்படி?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டில் போனார், இதயம்தான் என்றேன். என் தாத்தாவும் அந்த வயதைத் தாண்டவில்லை. எனக்கு வரும் மாதம் ஐம்பத்திரண்டு. பிள்ளைகளும் ரத்தம் சோதித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் டாக்டர், அதற்காகத்தான் இந்தக் கடிதம். இந்த வாரமே போய்ப் பார், சாக்குச் சொல்லாதே. நாலு கலரில் சாப்பிடு, தோலோடு.

எனக்குப் பயம் கொஞ்சம்தான், ஆசைதான் அதிகம். ஐம்பத்து மூன்று வயது எப்படி இருக்கும் என்று நம் வீட்டு ஆண்களில் யாருமே பார்த்துவிட்டு வந்து சொன்னதில்லை. நான் பார்த்துச் சொல்கிறேன்.

நீ நூறு வயது நன்றாக இரு கண்ணு.

தோலோடு ஆப்பிள் மென்றபடி,
உன் அப்பா