ஏழு மணிக் காவல்

அக்டோபர் 2, வியாழன்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். மாடியில் துணியைப் போட்டு எடுத்து, மறுபடி போட்டு. காந்தி ஜெயந்தி. நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்கு அரை நாள் லீவு, பிராந்திக்கடைகளுக்கு முழு நாள் லீவு. கருவடிக்குப்பத்திலிருந்து டவுன் வரைக்கும் வழியெல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. காந்திக்கு ஒரு பெரிய கும்பிடு.

இன்று பயமில்லை. எழுதிப் பார்க்கவே புதுசாக இருக்கிறது.

இவர் தவக்காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தார். அதற்கப்புறம் ஒரு சொட்டு தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நம்புகிறேன். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: "சாயங்காலத்துல கை நடுங்கற நேரம் ஒண்ணு வரும்மா. அந்த நேரத்த எதையாச்சும் வச்சி ரொப்பிடுங்க." நான் செபமாலையை வைத்து ரொப்பினேன். ஏழு மணி என்றால் பாய், மெழுகுத்திரி, மாதா சுரூபம், இவர், நான், மகள் ஜெனி. ஏப்ரலில் பாஸ்கா முடிந்ததிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. தான் கார் ஓட்டுகிற டிராவல்ஸ் ஓனரிடமும் சொல்லிவிட்டார், ஆறரைக்கு மேல் சவாரி வேண்டாமென்று.

செபமாலை (இனி செ.மா., கை வலிக்கிறது) இன்று நிதானமாக. இரண்டாவது பத்து மணிகளுக்கு வாசிக்கிற மறைபொருள் கானாவூர் கல்யாணம். மாதா கேட்டுக்கொண்டதும் தண்ணீர் திராட்சை ரசமானது என்று ஜெனி வாசித்ததும் இவர் முகத்தைத்தான் பார்த்தேன். ஒன்றுமில்லை, கண்ணை மூடியிருந்தார். மாதாவே, அந்தக் கல்யாண வீட்டில் ரசம் தீர்ந்தால் தீர்ந்துவிட்டுப் போகிறது, உனக்கென்ன வந்தது?

அக்டோபர் 4, சனி

வாங்க: கொத்தவரங்காய், சோப்பு, மெழுகுத்திரி ஒரு பெட்டி, ஜெனிக்கு ரெக்கார்டு நோட்.

துவைக்கப் போட்ட இவர் சட்டையில் அந்த வாசனை.

கொஞ்சமில்லை. தோள்பட்டையில், கையில். மறுபடியும் மோந்து பார்த்தேன். பெட்ரோலாக இருக்கக்கூடாதா, செண்டாக இருக்கக்கூடாதா! பதினேழு வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா என்ன வாசனை என்று. சோப்பை இரண்டு தடவை போட்டு அடித்து அலசினேன், யாரோ வந்து பார்த்துவிடுவதுபோல.

கேட்கவில்லை. கேட்டால் "ஆமா" என்று சொல்லிவிட்டால்?

ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தார். பேச்சு குழறவில்லை. கண் சிவப்பில்லை. கை? முழங்காலுக்கடியில் வைத்திருந்தார், தெரியவில்லை. செபமாலையில் அவர் முறைக்கு வந்த பத்து மணிகளையும் தடுமாறாமல் சொன்னார். செ.மா. முடிந்ததும் எழுந்திருக்கப் போனவரை, "மன்றாட்டு மாலையும் சொல்லிடலாம்"னு உட்காரவைத்தேன். மன்றாட்டு மாலை முடிந்ததும் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம். பெரிய சங்கீதமாகப் பார்த்து எடுத்தேன்.

"இன்னாம்மா இன்னிக்கு, பெரிய வியாழனா, ராத்திரியெல்லாம் செபம் சொல்ல?" என்றாள் ஜெனி.

அக்டோபர் 7, செவ்வாய்

பகலெல்லாம் புழுக்கம். செபமாலை மாதா திருநாள். இந்த மாதம் முழுக்க எங்கள் அன்பியத்தில், அதாவது தெரு செபக் குழுவில், மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். தெரு ஆட்கள் கூடிச் செபம் சொல்வார்கள். இன்று எங்கள் வீடு. சுண்டல், காபி. நாற்காலி பக்கத்து வீட்டில் கடன். சுண்டலில் உப்பு தூக்கல், யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் போனபிறகு அன்பியத் தலைவி மதலேன் அக்கா மட்டும் நின்றார். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற குடும்பம், காபி கொடுத்தால் நன்றி சொல்ல "மெர்சி" என்பார். நல்ல மனுஷிதான். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெனம் ஏழு மணிக்கு உங்க வூட்டு செபச் சத்தம் கேக்குது ரீட்டா. மழ வந்தாலும் கரண்ட் போனாலும் நிக்கறதில்ல. ஞாயித்துக்கெழம கூட்டத்துல நீ அஞ்சு நிமிஷம் பேசணும்."

"நானா? இன்னாத்த பேசறதுக்கா?"

"செபத்த எப்டி அன்னாட வாழ்க்கையா ஆக்கிக்கறதுன்னு. நீ வாழ்ந்துகினு இருக்கியே, அதச் சொல்லு, போதும்."

தலையாட்டித் தொலைத்தேன். வாழ்க்கையாம்! நான் வாழ்கிற லட்சணம், அழுக்குச் சட்டையை மோந்து பார்ப்பது, வண்டிச் சத்தத்துக்குக் காது தீட்டிக்கொண்டிருப்பது, "மரியே வாழ்க" சொல்லும்போதே கடிகாரத்தைப் பார்ப்பது. இதையா போய்ப் பேசுவேன். ஆண்டவர் கேட்கமாட்டாரா, "அடியே, நீ எப்போ என்கிட்ட பேசினே"ன்னு.

அக்டோபர் 9, வியாழன்

மூன்று நாள் தள்ளித் தள்ளி இப்போதுதான் மழை, சரியான மழை. மெடிக்கலில் காய்ச்சல் கூட்டம். நின்று நின்று கால் வீக்கம்.

இப்போது எங்கள் வீட்டு ஏழு மணி: தொடக்கப் பாட்டு, செ.மா., மன்றாட்டு மாலை, சங்கீதம், நற்செய்தி ஒரு அதிகாரம், நோயாளிகளுக்காக, மரித்தோருக்காக, முடிவுப் பாட்டு. எட்டரை ஆகிவிடுகிறது. ஜெனி இன்று வெடித்தாள். "ம்மா, இது செபமா இல்ல ஸ்டடி ஹவரா? எனக்கு நாளிக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்டும்மா!" வாயை மூடு என்று அதட்டினேன். பாவம், பதினோராம் வகுப்புப் பிள்ளை. கண்ணில் தண்ணீர் நின்றது.

இவர் ஒரு வார்த்தை முனகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். குடித்த காலத்தில் எத்தனை சத்தம் போடுவார். இப்போது உட்கார் என்றால் உட்காருகிறார், சொல் என்றால் சொல்லுகிறார். உள்ளே என்ன ஓடுகிறது என்று யார் கண்டது?

வியாழன் என்பதால் மறுபடியும் கானாவூர். ஜெனியிடம் முன்னாடியே சொல்லிவைத்தேன், தலைப்பை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போ என்று. அவள் பயந்து அதையும் விழுங்கிவிட்டாள். இவர் கண்ணைத் திறக்காமலே, "கானாவூர வுட்டுட்ட பாரு" என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடு.

அக்டோபர் 11, சனி

ஆறரை, வரவில்லை. போன் போட்டால் சுவிட்ச் ஆப். மழை கொட்டுகிறது. சனிக்கிழமை, ஊரெல்லாம் வெளியூர் வண்டி. குடிப்பதற்கென்றே வருகிற கூட்டம், அவர்களை ஏற்றி இறக்குகிற வேலை இவருக்கு. மாதாவே, உலகத்தில் வேறு பிழைப்பா இல்லை.

ஏழு. ஜெனியும் நானும் ஆரம்பித்தோம். இரண்டாவது பத்து மணி பாதியில் எழுந்துவிட்டேன். "நீ சொல்லிகினு இரு"ன்னு அவளிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கே போனேன் என்று எழுதவே கூசுகிறது. தெருமுனை பிராந்திக்கடை. உள்ளே பார் இருக்கிற கடை. எதிர்சாரியில் பூட்டியிருந்த டெய்லர் கடை ஓரமாக நின்று, வெளியே நிற்கிற வண்டிகளைப் பார்த்தேன். அப்புறம் கிட்டேயே போய், கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒருத்தன், "யாரம்மா வோணும்?" என்றான். செபமாலை இன்னும் என் கையிலேயே இருந்தது. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்தால், பாயில் இவர். சொட்டச் சொட்ட நனைந்து, ஜெனியோடு நாலாவது பத்து மணி சொல்லிக்கொண்டிருக்கிறார். வண்டி வழியில் பஞ்சர், போனில் சார்ஜ் இல்லை.

முடித்துவிட்டுக் கேட்டார், "எங்க போன ரீட்டா, இந்த மழயில?"

"மெழுகுத்திரி வாங்க."

சுரூபத்துக்குப் பக்கத்தில் போன வாரம் வாங்கிய பெட்டி, பிரிக்கக்கூட இல்லை. அதைப் பார்த்தார். என் வெறுங்கையைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தலை துவட்டப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பூசை முடிந்ததும் ஜெனி டியூஷனுக்கு. இவர் பைக்கை வீட்டுப் பக்கம் திருப்பாமல் கடற்கரைக்கு விட்டார். கல் மேல் உட்கார்ந்தோம். அலை பெரிசு. எதைச் சொல்லப் போகிறாரோ.

"நேத்து பிராந்திக்கடைக்குப் போயிருந்தியா?"

மண்டையை ஆட்டினேன்.

"நீ சாமியப் பாத்து செபம் சொல்லி நான் பாத்ததே இல்ல ரீட்டா. என்னப் பாத்துதான் சொல்ற. கண்ண மூடிகினு இருந்தாலும் எனக்குத் தெரியும்."

"பயமாக்குதுங்க." அவ்வளவுதான் வந்தது. அப்புறம் கொட்டிவிட்டேன், சட்டை வாசனையையும் சேர்த்து.

சட்டை என்றதும் சிரித்தார், சிரிப்பா அது. "கெஸ்ட்டுங்க வண்டிக்குள்ளயே ஊத்திக்கறாங்க. குலுங்கனா எம்மேலதான் தெறிக்கும். சொன்னா நீ பயந்துக்குவன்னு சொல்லல."

நம்பினேனா? நம்பினேன். பாதி.

பிறகுதான் அவர் சொன்னது: "ஏழு மணி எனக்கு ஒண்ணுமே இல்லடி. ஏழு மணிக்கு நீ இருக்க, புள்ள இருக்கா. மத்தியானந்தான். சாப்புட உள்ள போவாங்க. நான் வண்டிகிட்ட நிப்பேன். உள்ள இருந்து சிரிப்புச் சத்தம் வரும். 'ட்ரைவரண்ணே, நீயும் ஒரு கட்டிங் போடு'ன்னு ஒருத்தன் கிளாஸோட வருவான். தெனமும் ஒருத்தன் வருவான். அப்போதான் கை நடுங்கும். ஸ்டியரிங்கப் புடிச்சிகினு விரலு விட்டு மணி எண்ணுவேன். செபமால வச்சிகினா கிண்டல் பண்ணுவானுங்க."

இத்தனை மாதமும் நான் காவல் காத்த கதவு வேறு, திருடன் வருகிற கதவு வேறு. அந்தக் கதவில் இந்த மனுஷன் ஒண்டியாக நின்றிருக்கிறார். அந்த நேரம் நான் மெடிக்கலில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

"உங்களுக்குப் பயமா இல்லியா?"

"தெனம்."

சாயங்காலம் அன்பியக் கூட்டம். மதலேன் அக்கா மைக்கைக் கொடுத்துவிட்டார். எழுதிக்கொண்டு போனது மறந்துபோயிற்று. "நாங்க பயத்துலதான் செபம் சொல்றோம். வேற ஒண்ணும் எனக்குத் தெரியல," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அஞ்சு நிமிஷத்துக்கு அரை நிமிஷம். யாரும் கைதட்டவில்லை. மதலேன் அக்கா முகம் ஒரு மாதிரி ஆனது. பின் வரிசையில் ஒரு அம்மா, "பின்ன, நான் மட்டும் எதுல சொல்றேனாம்" என்று முணுமுணுத்தது கேட்டது.

அக்டோபர் 14, செவ்வாய்

மேகமூட்டம். காஸ் வந்தது. ஜெனி டெஸ்ட்டில் பாஸ், திட்டு வாங்குகிற மார்க்தான், திட்டவில்லை.

செபத்தைப் பழையபடி சுருக்கியாயிற்று. செ.மா. மட்டும். ஜெனி என்னை ஏற இறங்கப் பார்த்தாள், "ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று.

ஏழு மணிப் பயம் போய், இப்போது மத்தியானப் பயம். இரண்டு மணிக்கெல்லாம் கண் கடிகாரத்துக்கே போகிறது. இன்று பிரஷர் மாத்திரைக்கு சுகர் மாத்திரையை எடுத்துக் கொடுக்கப் போனேன், நல்லவேளை நானே பார்த்துவிட்டேன். போன் செய்யலாமா? செய்தால் காவல். செய்யாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். செய்யவில்லை.

அக்டோபர் 18, சனி

விடியும்போதே மழை. தீபாவளி லீவு, ஊரில் கால் வைக்க இடமில்லை. இவருக்குக் காலையிலேயே பெங்களூர் கெஸ்ட், நாலு பையன்கள். கிளம்பும்போது முகம் சரியில்லை. நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். எப்போதும் பிள்ளைக்குத்தான் போடுவேன்.

மெடிக்கலில் தலைக்கு மேல் வேலை. கடைக்காரர் சாப்பிடப் போய்விட்டார், கவுன்டரில் நான் மட்டும். ஆறேழு பேர் நிற்கிறார்கள். போன் அடித்தது. இவர். வேலை நேரத்தில் ஒருநாளும் கூப்பிடாதவர்.

"ரீட்டா." குரல் அடித்தொண்டையில். பின்னால் பாட்டு, சிரிப்பு. "வண்டி சாவிய குடுத்துட்டு வந்துருலாமான்னு இருக்கு. ஒருத்தன் கிளாஸ பானெட்டு மேல வச்சிட்டுப் போயிட்டான். எதுருலயே இருக்கு. முடியலடி. நீ சொல்லு, நான் பின்னால சொல்றேன்."

என்னத்தைச் சொல்வது என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் இங்கேயா? எதிரில் ஆறேழு முகம், நெற்றியில் விபூதி வைத்த பெரியவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், கிராமத்திலிருந்து சீட்டோடு வந்த ஒரு அம்மா. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியே பழக்கம்.

"ரீட்டா?"

"அருள் நிறைந்த மரியே வாழ்க," என்றேன். முதலில் காற்றாகத்தான் வந்தது. மறுபடியும் சொன்னேன், சத்தமாகவே. பாதி வரைக்கும் சொல்லி, அவர் சொல்ல வேண்டிய மீதிப் பாதிக்காக நிறுத்தினேன்.

அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. பாட்டுச் சத்தம் மட்டும். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். யாரைப் பார்ப்பது, அவர் அங்கே இல்லையே. மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"புனித மரியே..." என்று வந்தது. உடைந்த குரல். ஆனால் முழுக்கச் சொன்னார்.

பத்தும் சொன்னோம். கண்ணைத் திறந்தால் கவுன்டரில் அத்தனை பேரும் அப்படியே நிற்கிறார்கள். அந்தக் கிராமத்து அம்மா சீட்டை நீட்டாமல் கையில் மடித்து வைத்திருந்தார். "முடிச்சிட்டே குடும்மா, மாத்திர எங்க போவுது," என்றார்.

"கெஸ்ட்டு வராங்க, வச்சிர்றேன்," என்றார் இவர். கிளாஸ் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போது ஏழு அடித்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்கவில்லை. ஜெனி பாய் விரித்துவிட்டு, "அப்பா வரட்டுமா, ஆரம்பிக்கலாமா?" என்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது. ஆரம்பிக்கிறோம்.