சிலிர்ப்பு வந்த வழி

14-5-1985, செவ்வாய்.

மாரியம்மனுக்குத் தம்பி நேர்ந்துவிட்ட கிடா இன்று சிலுப்பவில்லை. மூன்று பேர் மஞ்சள் தண்ணீர் ஊற்றியும் கல்லாக நின்றது. அது உடம்பை உதறினால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். உதறாத ஆட்டை வெட்டக் கூடாது. பாகப்பிரிவினைக்குப் பிறகு என்னோடு பேசாத தம்பி தலைகுனிந்து நின்றான். அவன் மனைவிதான் என்னிடம் வந்தாள்.

"மாமா, மூத்தவங்க நீங்க ஒரு சொம்பு ஊத்துங்க."

"தமிழ் வாத்தியாரு ஊத்துனா ஆடு செய்யுள் சொல்லுமா?" என்றான் பொம்மிடியிலிருந்து வந்திருந்த பங்காளி.

ஊற்றினேன். முதுகு மயிர் குத்திட்டு, கொம்பு முதல் வால்வரை உதறியது. குலவை எழுந்தது. என் கையிலும் மயிர் நின்றது.

அகராதியில் சிலிர்ப்புக்கு மயிர்க்கூச்சம், நடுக்கம் என்று பொருள் இருக்கிறது. வந்த வழி இல்லை. ஊரார் சொல்லும் 'சிலுப்பு'தான் அதன் வேர் என்று நான் எழுதிய கட்டுரையைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரும் நனைந்த ஆட்டின் முன்னால் நின்றிருக்க மாட்டார்கள். நான் நின்றேன்.

தம்பி தலைக்கறி கொடுத்தனுப்பியிருக்கிறான். அது மூத்தவன் பங்கு, வாங்கிக்கொண்டேன். பேச்சை அவன்தான் தொடங்க வேண்டும்.