காசியில் நான் விடாதது

அன்புள்ள அண்ணா,

நேற்று மாலை உங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போயிருந்தேன். தண்ணீர் பாய்ந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அகத்தி நிழலில் ஈர மண்ணும் வெற்றிலையும் சேர்ந்து மணந்தன. அந்த மணம் பட்டதும் நீங்கள் பக்கத்தில் நிற்பதாகவே நினைத்து, பேச வாயெடுத்துவிட்டேன். அப்போது அண்ணி என்னிடம் ஒன்று சொன்னார். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்களோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் போய்விட்ட இடத்துக்கு இது போய்ச் சேராது என்று தெரியும். அதற்காக விட்டுவிடுகிற ஆள் நானில்லை.

பாலக்காட்டுக் காலேஜில் படித்துவிட்டு நீங்கள் ஊர் திரும்பிய வருஷம்தான் நான் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்தேன். நீங்கள் ஒரு தத்துவத்தோடு வந்தீர்கள், நான் ஒரு வெள்ளைச் சேலையோடு. இன்பம்தான் நன்மை, துன்பம்தான் தீமை, மற்றதெல்லாம் மனிதர்கள் கட்டிய வேலி என்று வாசலில் உட்கார்ந்து நீங்கள் வாதம் செய்வீர்கள். அப்படியானால் கள்ளுக்கடையில் விழுந்து கிடப்பவன்தான் மகானா என்று பெரியப்பா மடக்குவார். அவனுக்கு நாளைக்கு வரும் தலைவலியையும், அவன் பெண்டாட்டி வாங்கும் அடியையும் சேர்த்துப் பாருங்கள் என்பீர்கள். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். உங்களுக்கு வாயில் வெற்றிலை இருந்தால் போதும், விடிய விடியப் பேசுவீர்கள். உங்களிடம் பேசி ஜெயித்தவர் நம் ஊரில் யாருமில்லை.

எனக்கு அதெல்லாம் அப்போது புரியவில்லை. புரிந்தது பலாப்பழம்தான். பூ போயிற்று, பொட்டு போயிற்று, தாம்பூலத் தட்டு என்னைத் தாண்டிப் போயிற்று. பலாப்பழமும் கூடாது, உடம்புக்குச் சூடு என்று அம்மா பயந்தார். சின்ன வயசுப் பெண், ஊர் வாயில் விழக்கூடாதே என்ற பயம் அவருக்கு. நீங்களோ கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கூடத்தின் நடுவிலேயே பழத்தை அறுப்பீர்கள். தெருக்கோடி வரை மணக்கும். முதல் சுளை எனக்குத்தான். நல்லா இருக்குதா என்று கேட்பீர்கள். நான் தலையாட்டுவேன்.

"தலைய ஆட்டாத அம்மிணி. வாயத் தொறந்து சொல்லு. ஆருக்கும் நோவு குடுக்காத சொகத்துக்கு எதுக்கு வெக்கப்படோணும்?"

ஒரு நாள் சொல்லிவிட்டேன், நல்லா இருக்குதுங்கண்ணா என்று. என் வீட்டுக்காரர் போன பிறகு என் வாயிலிருந்து வந்த முதல் சந்தோஷமான வார்த்தை அதுதான்.

பிறகுதான் அம்மா என்னையும், துணைக்கு உங்களையும் பெரியப்பாவையும் காசிக்குக் கூட்டிப்போனார். அங்கே போகிறவர்கள் ஆசையான பதார்த்தம் ஒன்றைக் கங்கையில் விட்டுவிட்டு வரவேண்டும், ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. பெரியப்பா கூசாமல் பாகற்காயை விட்டார். அவர் அதை என்றைக்குத் தின்றார்? நீங்கள் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அம்மா மட்டும் நிஜமாகவே உயிரான கத்தரிக்காயை விட்டார். அடுத்து என் முறை. தமிழ் தெரிந்த புரோகிதர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன், பலாப்பழம் என்று சொல்லிவிடுங்க சாமி என்றார் அம்மா. நான் பிரியமானதை விட்டால்தான் என் வீட்டுக்காரருடைய ஆத்மா கரையேறும் என்று அம்மா மனதார நம்பினார்.

இடுப்பளவு தண்ணீரில் ஈரச்சேலையோடு நின்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் தலையசைத்திருந்தால் எனக்கென்று எதுவுமே மிஞ்சியிருக்காது. என் வாயிலிருந்து எப்படித்தான் வந்ததோ.

"என்ற கிட்ட இருந்ததெல்லாம் ஊர்லயே வாங்கிக்கிட்டீங்க. இத நான் உடமாட்டனுங்க."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பெரியப்பா பல்லைக் கடித்தார். உடனே நீங்கள் இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்து, அப்படியே ஆற்றில் எறிந்தீர்கள். அம்மிணிக்குப் பதிலாக நான் வெற்றிலையை விடுகிறேன், மாப்பிள்ளை எனக்கும் வேண்டியவர்தான் என்றீர்கள். ஒருவருக்காக இன்னொருவர் விடலாமா என்று புரோகிதர் யோசித்தார். அண்ணன் விட்டால் ஆகும் என்று அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் உங்களைப் பிடித்துக்கொண்டேன். சுகம்தான் பெரிது என்று ஊரெல்லாம் பேசிவிட்டு இது என்ன வேலை என்று கேட்டேன். நீங்கள் அசரவில்லை.

"வெத்தலைல கெடைக்கற சொகத்தவிட, நீ சொள திங்கறதப் பாக்கறதுல எனக்குச் சொகம் சாஸ்தி. என்ற கொள்கைப்படிதான் செஞ்சிருக்கறன். வெத்தல ருசி ரெண்டு மாசத்துல மறந்து போயிரும், பாரு."

நானும் அதை நம்பிவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ சித்திரை வைகாசி போயிற்று. ஒவ்வொரு முறையும் நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க, நான் வயிறு நிறையத் தின்றேன். உங்களுக்கும் சுகம்தானே என்று நிம்மதியாகத் தின்றேன்.

நேற்று அண்ணி சொன்னது இதுதான். சாயங்காலம் கொடிக்காலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்த்துவிட்டுக் கீழே போடுவீர்களாம். சில நாள் கண் கலங்கிவிடுமாம். படுக்கையில் விழும் வரை அப்படித்தானாம். அம்மிணியிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று அண்ணியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள்.

ஆக, ரயிலில் நீங்கள் சொன்னது பொய். ருசி மறக்கவே இல்லை. சுகம் அதிகம் என்று பார்த்துச் செய்த காரியமானால் இத்தனை வருஷம் வலித்திருக்காது. வலிக்கும் என்று தெரிந்தேதான் எறிந்தீர்கள், வலித்த பிறகும் எடுக்கவில்லை. சுகத்துக்கும் மேலே ஒன்றை நீங்கள் வைத்திருந்தீர்கள் அண்ணா. அதன் பேரைச் சொல்லத்தான் உங்களுக்கு வெட்கம். என்னை வாய் திறந்து சொல்லச் சொன்னவர் நீங்கள், உங்கள் முறை வந்தபோது தத்துவத்தின் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். எனக்கு அந்த வெட்கமில்லை. அதற்குப் பேர் பாசம்.

உங்கள் தத்துவத்தில் பாதியை நான் இன்னும் விடவில்லை. யாருக்கும் நோகாத சுகம் பாவமில்லை என்று, என் நிலைமையில் இருக்கும் பெண்கள் யார் வந்தாலும் கூச்சமில்லாமல் சொல்கிறேன். மறு பாதியில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். நம் ஊரில் உங்களிடம் பேசி ஜெயித்தவள் நான் ஒருத்திதான்.

ஆனால் ஜெயித்து என்ன? "நீ சொல்றது சரிதான் அம்மிணி" என்று ஒரு முறை உங்கள் வாயால் கேட்க வேண்டும். அது மட்டும் கிடைக்குமானால், அன்றைக்கு அம்மா அழுதும் விடாத பலாப்பழத்தை இன்றைக்கே விட்டுவிடுவேன், அண்ணா.

உங்கள்
அம்மிணி