தேதித்தாள் பை

அக்டோபர் 26
முடியவில்லை. காலையில் மனைவி பாண்டிலட்சுமியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது பாதியில் என் கை விட்டுப்போனது. மறுபக்கம் அவள் தங்கை வள்ளித்தாய் பிடித்திருந்ததால் பிழைத்தோம்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருப்பதால்தான் வள்ளி இங்கே இருக்கிறாள். பூஜை போட்டுத் திறந்ததும் வேலைக்கு வெம்பக்கோட்டைக்குப் போய்விடுவாள். அப்புறம்? அம்மாவை மதுரைக்குத் தன்னிடம் அனுப்பச் சொல்கிறாள் மகள். லட்சுமிக்கு இஷ்டமில்லை. "என்னைய எங்கனயும் அனுப்பீராதீக" என்று ஒரே பேச்சு.

தனியாகத் தூக்கப் பழக வேண்டும். அறுபத்திரண்டு வயதில்.

அக்டோபர் 28
எக்ஸ்ரே பார்த்தார்கள். தொடை எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனி ஊன்றி நடக்கலாம் என்கிறார் டாக்டர். அவள் ஊன்ற மாட்டேன் என்கிறாள். ஆகஸ்டில், அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், பக்கத்து அறையில் வெடிமருந்து வெடித்த சத்தம் கேட்டு ஓடும்போது விழுந்தவள். தீ அவளைத் தொடவே இல்லை. ஓடியதுதான் காலை ஒடித்தது. இப்போது பாதத்தைத் தரையில் வைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். வற்புறுத்த எனக்கு மனசில்லை.

தனியாகத் தூக்கப் பலம் ஏற என்ன செய்யலாம் என்று ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மாவிடம் கேட்டேன். கருவியெல்லாம் வாங்க வேண்டாம், கனமான பை ஒன்றை நெஞ்சோடு அணைத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் கூட்டுங்கள் என்றார்.

அக்டோபர் 30
திருத்தங்கல் அச்சகத்தில் வேலை செய்யும் நண்பர் ஒச்சப்பன், அச்சுப் பிசகிய தினசரி காலண்டர் தேதித்தாள் கட்டுகளைக் கொடுத்தார். துணிப்பையில் அடுக்கினோம். "அண்ணாச்சி, ஒரு வருசத்தத் தள்ளவே அவனவன் தெணறுதான். நீங்க பத்து வருசத்தப் பையில கேக்கீக."

நவம்பர் 2
தொடை இரண்டும் வலி. கழிப்பறையில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

நவம்பர் 6
கட்டுகளைக் கூட்டினேன். இறக்கும்போது பை தரையில் லேசாகத் தட்டியது. கட்டிலிலிருந்து அதட்டல். கம்பெனியில் எதையும் இழுக்கக் கூடாது, போடக் கூடாது, உரசினாலே ஆபத்து. இருபது வருடப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. "மச்சான் மட்டும் எங்க கம்பெனிக்கு வந்தீகன்னா மத்தியானத்துக்குள்ள வெளிய அனுப்பிருவாக" என்று வள்ளி சிரித்தாள்.

நவம்பர் 12
வள்ளி போய்விட்டாள். தனியாகத் தூக்கினேன். கை விடவில்லை. லட்சுமி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"உங்க நெஞ்சு அடிக்கிறது எனக்குக் கேக்கு. இன்னும் எம்புட்டு நாளைக்கு என்னைய லோடு மாதிரி ஏத்தி எறக்குவீக?"



நவம்பர் 13
மழை. பயிற்சி செய்தேன். 

நவம்பர் 19
இப்போதே எழுதிவிடுகிறேன்.

பையோடு எழும்போது பையின் காது அறுந்து, மொத்தமும் சிமெண்டுத் தரையில் விழுந்தது. வெடித்த மாதிரி சத்தம். ஐயோ என்று திரும்பினால் கட்டில் காலி. லட்சுமி வாசலில், நிலையைப் பிடித்தபடி நிற்கிறாள். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே, வாசலுக்கு ஓடு என்பதுதான் கம்பெனியில் அவர்கள் முதலில் படிப்பது. ஓடியிருக்கிறாள்!

"கீழ போடாதீகன்னு சொன்னேம்லா" என்றாள். பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அப்புறம் முழங்கால் மடங்கியது. விழுமுன் ஏந்திக்கொண்டேன். கனமே தெரியவில்லை. கட்டிலுக்கு வரும்வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

நவம்பர் 20
மறுபடி எக்ஸ்ரே. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அந்தப் பையில பாதியக் கொறச்சு என்ட்டக் குடுங்க."

நவம்பர் 23
நாற்காலியிலிருந்து ஒருமுறை எழுந்தாள். கண் திறந்தே இருந்தது. திட்டு முழுக்க எனக்கு.

டிசம்பர் 14
பயிற்சிக்குப் பையைத் தேடினேன். நாற்காலியில் இல்லை, கட்டிலடியில் இல்லை. கேட்கத் திரும்பினேன். அடுப்படி வாசலில் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். பை அவள் காலடியில் இருந்தது. எப்போது தூக்கி வந்தாள், எப்போது இறக்கி வைத்தாள்? எனக்குச் சத்தமே கேட்கவில்லை.